சாமி குத்தம்

2022 ஏப்ரல் 27. விடிவதற்கு இன்னும் நேரமிருந்தது. தஞ்சாவூரை ஒட்டிய களிமேட்டில் அப்பர் சதய விழா. விளக்கு அலங்காரத்தோடு தெருத்தெருவாக வந்த சப்பரத்தைத் திருப்பும்போது, அதன் உச்சி மேலே போன உயரழுத்த மின்கம்பியில் பட்டது. 11 பேர் செத்தார்கள். சிறுவர்களும் அதில் உண்டு. அன்று சாயங்காலம் நான் டீ குடித்துக்கொண்டிருந்த கடையில் ஒரு பெரியவர் விசாரணை, வாதம், தீர்ப்பு மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துவைத்தார். "சாமி குத்தம்ப்பா. இல்லாட்டி இத்தனை வருசமா நடக்காதது இப்ப நடக்குமா?" பக்கத்தில் இருந்தவர் உச்சுக்கொட்டினார். வடை வந்தது.

சாமி குத்தம். இந்த இரண்டு சொல்லுக்குள் இருக்கிற சௌகரியத்தை எந்தச் சட்டப் புத்தகமும் தராது. குற்றவாளி யார்? செத்தவன். சாட்சி? அவன் செத்ததுதான். என்ன குற்றம் செய்தான்? அதை அப்புறம் தேடிக்கொள்ளலாம். தீட்டோடு வந்திருப்பான், குடித்திருப்பான், வேண்டுதலை மறந்திருப்பான். ஒன்றும் அகப்படாவிட்டால் இருக்கவே இருக்கிறது போன ஜென்மம். முதலில் தண்டனை கொடுத்துவிட்டுப் பிறகு குற்றத்தைத் தேடுகிற வேலையைப் போலீஸ் ஸ்டேஷனில் செய்தால் வழக்குப் போடுகிறோம். கடவுள் பெயரால் செய்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். கம்பி எத்தனை அடி உயரத்தில் போயிருக்க வேண்டும், எத்தனை அடியில் போனது, சப்பரம் வரும் நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி யார் யாரிடம் கேட்டிருக்க வேண்டும் என்கிற கேள்விகள் அந்த டீக்கடைப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. வந்திருந்தால் அவை ஒரு பெயரில், ஒரு பதவியில், ஒரு கையெழுத்தில் போய் நின்றிருக்கும். சாமி கையெழுத்துப் போடுவதில்லை.

இதில் ஒரு கொடுமை, அந்தச் சப்பரம் யாருக்காகப் புறப்பட்டதோ அந்த அப்பரே உயிரோடு இருக்கும்போது கடவுளிடம் தண்டனை வாங்கியவர். சமணத்துக்குப் போனவரைத் திருப்பிக் கொண்டுவரச் சிவன் சூலை நோயைக் கொடுத்தார் என்பது சேக்கிழாரின் பெரியபுராணம் சொல்கிற கதை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு திருவதிகைக்கு வந்து அக்கா திலகவதியாரின் காலில் விழுந்தார், திருநீறு பூசிக்கொண்டார், பாடினார், வலி விட்டது. சுந்தரருக்கு நடந்தது அதைவிடக் கடுமை. உன்னைப் பிரியேன் என்று திருவொற்றியூரில் சங்கிலியாரிடம் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு ஊரெல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயிற்று.

இந்தக் கதைகளை நான் நம்புகிறேனா என்பது இருக்கட்டும். சேக்கிழாரின் சாமியிடம் ஒரு நேர்மை உண்டு. அவருக்கு விலாசம் தப்பாது. வாக்கை மீறியவர் சுந்தரர், போனது சுந்தரர் கண். சங்கிலியாருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒற்றியூர்க் கடற்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. தண்டனை வாங்கியவர் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கவும் இல்லை. போகிற ஊரிலெல்லாம் நின்று சாமியையே வைது பாடினார். ஒரு கண் காஞ்சிபுரத்தில் கிடைத்தது, மற்றது திருவாரூரில்.

அதே திருவாரூரில்தான் மனுநீதிச் சோழன் கதையும் நடக்கிறது. இளவரசன் தேரில் அடிபட்டுக் கன்று செத்தது, பசு வந்து மணியை அடித்தது, இதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். நடுவில் மந்திரிகள் ஒரு யோசனை சொன்னார்களே, அதை நாம் வசதியாக மறந்துவிட்டோம். பசுவதைக்குச் சாஸ்திரத்தில் பிராயச்சித்தம் இருக்கிறது, அதைச் செய்து முடித்துவிடலாம் என்றார்கள். அதாவது, பரிகாரம். ராஜா ஒப்புக்கொள்ளவில்லை. பரிகாரம் செய்தால் கன்றை இழந்த பசுவின் நோய் தீருமா என்று கேட்டார். சாமி நேரில் வந்தது அதற்குப் பிறகுதான், ராஜா தன் கையால் நீதி செய்து முடித்த பிறகு. இந்தக் காலத்தில் அந்தப் பசு மணியை அடித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? கன்றுக்கு அஷ்டமச் சனி என்று ஒரு ஜோதிடர் மாலை நேரத் தொலைக்காட்சியில் விளக்கியிருப்பார். தேர்ச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்திருப்பார்கள். பசுவை அடிமாட்டுக்கு ஏற்றியிருப்பார்கள்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று நம் கிழவிகள் சொல்வார்கள். கடவுளின் தண்டனையை விளக்க வந்தவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் சறுக்கி விழுந்திருக்கிறார்கள். பெரியவர்களும் தப்பவில்லை. 1934 ஜனவரி 15 பிற்பகல் பீகாரில் பூமி குலுங்கியது. முங்கேர், முசாபர்பூர் எல்லாம் தரைமட்டம். 10,000 பேருக்கு மேல் செத்தார்கள். காந்தி அப்போது தீண்டாமை ஒழிப்புச் சுற்றுப்பயணத்தில் தமிழ்நாட்டில் இருந்தார். ஒன்பது நாள் கழித்துத் திருநெல்வேலிக் கூட்டத்தில் சொன்னார்: தீண்டாமை என்கிற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது.

காந்தியிடம் எனக்கு மரியாதை உண்டு. அந்தப் பாவத்தில் தன்னையும் சேர்த்துக்கொண்டுதான் அவர் பேசினார். கைநீட்டி பீகாருக்குப் பணமும் திரட்டினார். ஆனால் அவர் நின்று பேசிய ஊரை நினைத்தால் எனக்கு நெஞ்சு ஆறவில்லை. திருநெல்வேலி! எந்தத் தெருவில் யார் நடக்கலாம், எந்தக் கிணற்றில் யார் வாளி விடலாம் என்று அங்குலம் அங்குலமாகக் கணக்கு வைத்திருந்த சீமை. அங்கே ஒரு கோபுரத்துச் சுதைச் சிற்பம்கூட உதிரவில்லை. குற்றம் தாமிரபரணிக் கரையில், அடி கங்கைக் கரையில். முங்கேரில் சுவருக்கு அடியில் சிக்கிச் செத்தவர்களில் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள் அல்லவா? தீண்டாமைக்கு ஆளான பாவத்துக்காக அவர்களுக்கும் தண்டனையா? தாகூர் பொறுக்காமல் மறுப்பு எழுதினார். ஒழுக்கத்தையும் பூகம்பத்தையும் முடிச்சுப் போடாதீர்கள், இதே வாதத்தை உங்கள் எதிரிகள் உங்களைவிட நன்றாகப் பயன்படுத்துவார்கள் என்பது அதன் சாரம். காந்தி அதைத் தன் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டு, என் நம்பிக்கை அசையவில்லை என்று பதிலும் எழுதினார். எதிர்ப்பைத் தன் செலவில் அச்சிடுகிற அந்தப் பெருந்தன்மை அவரோடு போய்விட்டது. வாதம் மட்டும் போகவில்லை. தாகூர் பயந்தபடியே அது கைமாறிக் கைமாறி, வரக்கூடாத கைகளுக்கெல்லாம் வந்து சேர்ந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் கடல் கொண்டுபோயிற்று. வேளாங்கண்ணிக்குக் கிறிஸ்துமஸுக்கு வந்து தங்கியிருந்தவர்கள் கடற்கரையிலும் கடைத்தெருவிலும் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். பிணங்களை அடையாளம் காட்டி முடிப்பதற்குள் விளக்கவுரைகள் வந்துவிட்டன. தீபாவளி இரவில் காஞ்சி மடத்து சங்கராச்சாரியாரைக் கைது செய்தார்களே, அதனால்தான் கடல் பொங்கியது என்றார்கள் சிலர். கைது செய்தது அரசாங்கம். கோட்டை இருக்கிறது சென்னையில், அதுவும் கடலைப் பார்த்தபடி. அதை விட்டுவிட்டு அக்கரைப்பேட்டையில் கட்டுமரத்தோடு நின்றவனின் பிள்ளையைத் தூக்கிப் போவானேன்? இன்னொரு பக்கம், பண்டிகை நாளில் குடியும் கூத்துமாக இருந்ததற்குத் தேவன் கொடுத்த எச்சரிக்கை என்றார்கள். அலை பேராலயத்துக்குள் ஏறாமல் நின்றது அற்புதம் என்று அதே வாயால் சொன்னார்கள். கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் அற்புதம். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய குழந்தைக்கு எச்சரிக்கை.

கடவுளை விடுங்கள், விலாசத்தைத் தவற விட்ட வேறொருவர் கதை இருக்கிறது. சுமத்ராவுக்கு அருகே நம் நேரப்படி காலை ஆறரை மணியளவில் பூமி நடுங்கியது. நாகையில் அலை ஏறியது ஒன்பது மணியை ஒட்டி. நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. கார் நிக்கோபாரில் விமானப் படைத்தளமே மூழ்கிவிட்டது. டெல்லியில் வானிலைத் துறை ஃபேக்ஸ் அனுப்பியது. யாருக்கு? ஏழு மாதத்துக்கு முன்பே பதவி போய்விட்ட பழைய அமைச்சரின் வீட்டுக்கு. அந்த நாள் பத்திரிகைகளில் வந்த செய்தி இது. சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. ஹைதராபாதில் சுனாமி எச்சரிக்கை மையம் திறந்தது 2007-ல்தான். இந்தக் கணக்கையெல்லாம் கேட்கப் போனால் டெல்லி வரை போகவேண்டும். கடவுளின் கோபம் என்றால் உட்கார்ந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. எது லேசு?

தண்டனை என்றால் கொஞ்சமாவது திருத்த வேண்டாமா? அதே நாகையில், அதே வாரத்தில், நிவாரண முகாம்களில் தலித் குடும்பங்களை ஒதுக்கிவைத்தார்கள், தண்ணீர்த் தொட்டியில் கைவைக்க விடவில்லை என்று செய்திகள் வந்தன. ஆறாயிரம் பிணத்தைப் பார்த்த பிறகும் தீட்டு மிதந்துகொண்டே இருந்தது. காந்தி சொன்ன கணக்குப்படி இரண்டாவது அலை அன்றைக்கே வந்திருக்க வேண்டும். கடல் குளம் மாதிரி கிடந்தது.

2018 கேரள வெள்ளம் இன்னும் ஒரு படி மேலே. 400 பேருக்கு மேல் செத்துக்கொண்டிருந்த ஆகஸ்ட் மாதத்தில், ரிசர்வ் வங்கியின் இயக்குநர் குழுவில் அந்த மாதம்தான் இடம்பிடித்த ஒரு பிரமுகர், சபரிமலை வழக்குக்கும் இந்த மழைக்கும் சம்பந்தம் இருக்குமா என்று நீதிபதிகள் பார்க்கலாமே என ட்விட்டரில் எழுதினார். உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது செப்டம்பர் 28-ல். முன்ஜாமீன் கேள்விப்பட்டிருக்கிறோம். இது முன்தண்டனை. எழுதாத தீர்ப்புக்காக, எழுதப்போகிற நீதிபதிகளை விட்டுவிட்டு, சாலக்குடியில் கூரைமேல் ஏறி நின்றவனுக்கு! மலையைக் குடையாதீர்கள் என்று 2011-லேயே மாதவ் காட்கில் குழு எழுதிக்கொடுத்த அறிக்கையை அலமாரியில் பூட்டிவைத்தவர்களுக்கு ஐயப்பனிடமிருந்து ஒரு சளிக்காய்ச்சல்கூட வரவில்லை.

நம்மிடம் இதற்கென்று ஓர் அகராதி இருக்கிறது. குடிசை வெள்ளத்தில் போனால் கர்மவினை. பங்களாவில் தண்ணீர் புகுந்தால் இயற்கைச் சீற்றம். கொத்தனாரின் மகன் சாரத்திலிருந்து விழுந்தால் 'என்ன பாவம் பண்ணினானோ'. காண்ட்ராக்டர் மகன் காரோடு கவிழ்ந்தால் 'நல்லவங்களைத்தான் ஆண்டவன் சோதிக்கிறான்'. லஞ்ச ஒழிப்புத் துறை கதவைத் தட்டியதும் ஒருவருக்கு நெஞ்சு வலிக்கிறது பாருங்கள், அது தண்டனையும் இல்லை, சோதனையும் இல்லை, கண் திருஷ்டி. ஊர்க் கண் பொல்லாதது. பூசணிக்காய் உடைத்து நடுரோட்டில் போடுவார்கள். அதில் வழுக்கி விழப்போகிற இரண்டுசக்கரக்காரனுக்கு நேரம் சரியில்லை.

நேரம் சரியில்லாதவர்களுக்குத் திருநள்ளாறு இருக்கிறது. நளன் காலைக் கழுவும்போது குதிகாலில் ஓரிடம் நனையவில்லை, அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு சனி ஏறினான் என்பது நாம் காலங்காலமாகக் கேட்கிற கதை. ஒரு விரற்கடை குதிகாலுக்காக நாடு, நகரம், மனைவி, மக்கள் எல்லாம் பறிபோயின. அவ்வளவு துல்லியமான கிரகம், ஏரியையே பட்டா போட்டு விற்றவன் காலைக் காணாமல் போனது எப்படி? சனிப்பெயர்ச்சிக்கு அவனும் வருகிறான். நளதீர்த்தத்தில் முங்குகிறான். கட்டிய வேட்டியை விட்டுவிட்டுப் போகிறான். விற்ற ஏரியை விட்டுவிட்டுப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. உண்டியலில் அவன் போடுகிற கட்டைப் பார்த்தால் காணிக்கை மாதிரி இருக்காது, பங்குத்தொகை மாதிரி இருக்கும். பங்காளியைத் தண்டிக்கிற வழக்கம் எந்தத் தொழிலிலும் கிடையாது.

பாவத்தைக் கழுவ வந்த இடத்திலேயே செத்தவர்களை என்ன சொல்வது? 1992 பிப்ரவரி 18, கும்பகோணம் மகாமகக் குளம். முதலமைச்சர் நீராட வந்த நேரத்து நெரிசலில் ஐம்பது பேர் வரை மிதிபட்டும் மூச்சுமுட்டியும் செத்தார்கள். பாவம் கழுவுவதற்கு முன்பு செத்தவர்கள் எத்தனை பேர், கழுவிய பிறகு செத்தவர்கள் எத்தனை பேர் என்று கடவுளின் தண்டனையை விளக்குகிறவர்கள்தான் பிரித்துச் சொல்லவேண்டும். அதே கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ல் பள்ளிக்கூடத்துச் சமையலறைத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் கருகினார்கள். நவக்கிரகத் தலங்கள் அத்தனையும் அந்த ஊரைச் சுற்றித்தான் இருக்கின்றன. துக்கம் கேட்க வந்த இடத்தில் 'அது கொண்டுவந்த ஆயுசு அவ்வளவுதான்' என்று சொல்வது நம் ஊர் மரியாதை. ஏழெட்டு வயதுக் குழந்தை செய்த பாவம் என்ன? வீட்டுப்பாடம் எழுதாததா? அந்தக் கூரைக்கு அனுமதி கொடுத்த பேனா அந்தத் தீயில் கருகவில்லை. வழக்கில் தண்டனை அறிவிக்கவே 2014 ஆயிற்று. 2017-ல் உயர்நீதிமன்றத்தில் அதுவும் குறைந்தது. அரசன் அன்று கொல்வான் என்பது பழமொழி. இங்கே அரசன் பத்து வருஷம் வாய்தா போடுகிறான், தெய்வம் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்கிறது.

தெய்வம் நின்று கொல்லும் என்று அடித்துப் பேசுகிறவர்களை நான் கீழ்வெண்மணிக்குக் கூட்டிக்கொண்டு போவேன். மனுநீதிச் சோழனின் திருவாரூருக்குப் பக்கத்திலேதான். 1968 டிசம்பர் 25 இரவு. கூடுதலாக அரைப்படி நெல் கூலி கேட்ட ஊர். ஒரே குடிசைக்குள் பயந்து ஒளிந்த 44 பேரை, பெண்களும் குழந்தைகளும் கிழவர்களுமாக, வெளியில் தாழ்போட்டுக் கொளுத்தினார்கள். நாகைக் கோர்ட்டு தண்டித்தது. மனுநீதிச் சோழனுக்கு வளாகத்தில் சிலை வைத்திருக்கிற உயர்நீதிமன்றமோ விடுதலை செய்தது. இவ்வளவு நிலபுலனும் காரும் உள்ளவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அது கண்ட நியாயம். கடவுள் என்ன செய்தார்? மறு வருஷமும் காவிரியில் தண்ணீர் வந்தது. மிராசுதாரின் வயலில் நெல் விளைந்தது. கோயிலில் முதல் மரியாதை யாருக்குப் போய்க்கொண்டிருந்ததோ அவர்களுக்கே போயிற்று. முதல் எதிரியாக இருந்தவர் 1980-ல் கொல்லப்பட்டார், கொன்றவர்கள் மனிதர்கள், சிறைக்குப் போனவர்களும் மனிதர்கள். தெய்வம் நின்றது என்பது வரைக்கும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஒன்று கேட்பீர்கள். நம்புகிறவனுக்குப் பயம் இருந்தால்தானே தப்புச் செய்யாமல் இருப்பான்? பயந்தவன் யார் என்று பாருங்கள். காலில் செருப்போடு கோயில் வாசலைத் தாண்டிவிட்டோமே என்று மூன்று நாள் தூங்காத பூக்காரி பயப்படுகிறாள். நேர்ந்த கோழியைக் கடனுக்கு விற்றுவிட்டதால்தான் பேத்திக்கு அம்மை போட்டிருக்கிறது என்று அழுகிற கிழவி பயப்படுகிறாள். தடுப்பூசி வந்து சேராத ஆரம்ப சுகாதார நிலையம் பயப்படவில்லை. கோயில் நிலத்தை மூன்று தலைமுறையாக அனுபவித்துக் குத்தகை பாக்கி வைத்திருக்கிறவன் அந்தக் கோயிலிலேயே பரிவட்டம் கட்டிக்கொண்டு நிற்கிறான். கிழவிக்கு வந்த தண்டனை எது தெரியுமா? பேத்தி நோயில் கிடக்கும்போது அது தன்னால்தான் என்று நம்பவைத்தது. அதைச் செய்தது சாமி இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றவர்கள்.

களிமேட்டுக்காரர்கள் கும்பிட்ட அப்பர் கையில் எப்போதும் உழவாரம் இருக்கும். கோயில் வழியில் புல்லையும் முள்ளையும் செதுக்கிக்கொண்டே போனவர் அவர். சாமி வருகிற பாதையைச் சுத்தமாக வைப்பது மனிதன் வேலை என்று தெரிந்தவர்.

இந்த ஆடியில் உங்கள் ஊரிலும் சப்பரம் புறப்படும். பாதையில் எங்கெங்கே கம்பி தாழ்ந்து போகிறது என்று பகலிலேயே ஒருமுறை நடந்து பாருங்கள். மின்வாரிய உதவிப் பொறியாளருக்கு, தேதியும் நேரமும் போட்டு ஒரு கடிதம் எழுதிக்கொண்டு போய்க் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பி வராதீர்கள்.